கை வியர்த்தால் 'ஆப்சென்ட்'! ரேகை எந்திரம் முன்பு தவிக்கும் ஊழியர்கள்

சென்னை:

காலை 9 மணி. ஆபீஸ் வாசலில் ரேகை வைக்கும் எந்திரம். முன்னால் நாலு பேர், பின்னால் பத்து பேர். கட்டை விரலை வைத்தால் சிவப்பு விளக்கு எரிகிறது. கர்சீப்பில் துடைத்துவிட்டு வைத்தாலும் அதே கதைதான். "என்னப்பா, இப்பதான் கை கழுவிட்டு வந்தியா?" என்று பின்னால் நிற்பவர் கிண்டலடிக்க, கை இன்னும் வியர்க்கிறது. மாசக் கடைசியில் பார்த்தால் வேலைக்கு வந்த நாளிலேயே 'ஆப்சென்ட்'. சம்பளம் கட்!

உள்ளங்கை அளவுக்கு மீறி வியர்க்கும் ஊழியர்களுக்கு இது தினசரி தலைவலி. ரேகை எந்திரம் விரலில் உள்ள மேடு, பள்ளங்களைத்தான் படிக்கிறது. வியர்வை அந்தப் பள்ளங்களை நிரப்பிவிட்டால் எந்திரத்துக்குத் தெரிவது வெறும் கறுப்பு அப்பல்தான். தப்பு எந்திரத்தின் மேல். தண்டனை மட்டும் ஊழியருக்கு.

வெயிலுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை

சென்னையில் யாருக்குத்தான் வியர்க்கவில்லை என்று கேட்கலாம். கடல் காற்றில் ஈரம் அதிகம் என்பதால் வழியும் வியர்வை காய்வதில்லை. கத்திரி வெயிலில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்வது ஊருக்கே பொதுவான கஷ்டம்.

ஆனால் இது வேறு. ஏ.சி. அறையில் சும்மா உட்கார்ந்திருந்தாலும் கையில் இருந்து சொட்டும். 'ஹைப்பர்ஹைட்ரோசிஸ்' என்று டாக்டர்கள் இதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். மனித உடம்பில் 20 லட்சம் முதல் 40 லட்சம் வரை வியர்வைச் சுரப்பிகள் உள்ளன. அவற்றைத் தூண்டும் நரம்புகள் தேவைக்கு மேல் வேலை செய்வதுதான் கோளாறு. பெரும்பாலும் பள்ளிக்கூட வயதிலேயே ஆரம்பித்துவிடும். அப்பா, அம்மா யாருக்காவது இருந்திருக்கும். பயம், பதற்றம் வந்தால் கூடும். தூங்கும்போது நின்றுவிடும்.

பதற்றம் வந்தால் கூடும் என்பதுதான் ஆபீசில் பெரிய கொடுமை. "இன்னைக்கும் எந்திரம் எடுக்காதோ?" என்ற நினைப்பே கையை நனைத்துவிடுகிறது. இன்டர்வியூவில் கை குலுக்குவதற்குள் பேண்ட்டில் நாலு முறை துடைக்கிறார்கள். நோட்டு எண்ணும் கேஷியர், பட்டுப்புடவை விரித்துக் காட்டும் விற்பனையாளர், செல்போன் பழுது பார்ப்பவர் எல்லோருக்கும் கைதான் பிழைப்பு. அக்குளில் அதிகம் வியர்ப்பவர்களுக்கு வேறு தொல்லை. தி.நகர் கூட்டத்தில் நாள் முழுக்க நிற்கிறவருக்கு பாலியஸ்டர் துணியில் யூனிபார்ம் தைத்துக் கொடுத்துவிட்டு, "குளிச்சுட்டு வரலியா?" என்று கேட்கும் முதலாளிகள் இருக்கத்தான் செய்கிறார்கள். வியர்வைக்கு என்று தனி நாற்றம் கிடையாது. தோலில் இருக்கும் பாக்டீரியாவால்தான் நாற்றம் வருகிறது. தினம் இருவேளை குளிப்பவருக்கும் கை வியர்க்கும்.

வழி இருக்கிறது

ரேஷன் கடையில் கைரேகை விழாத பெரியவர்களுக்காக கண் கருவிழியைப் பதிவு செய்யும் கருவியை தமிழக அரசு கொண்டு வந்தது. மருத்துவக் கல்லூரி பேராசிரியர்களின் வருகைப்பதிவை 2025-ம் ஆண்டு மே 1-ந் தேதி முதல் விரல் ரேகையில் இருந்து முகப்பதிவுக்கு மாற்றியது தேசிய மருத்துவ ஆணையம். இத்தனை நடந்த பிறகும் விரலைத்தான் வைக்க வேண்டும் என்று அடம்பிடிக்க காரணமே இல்லை. அட்டையைக் காட்டலாம், ரகசிய எண் போடலாம். ஒன்றும் முடியாவிட்டால் பழைய ரிஜிஸ்டர் எங்கே போய்விட்டது?

சட்டத்தை நம்பி மட்டும் இருக்க முடியாது. 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் சொல்லப்பட்ட 21 வகைகளில் இது இல்லை. கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் தமிழக சட்டசபையில் சட்டத்திருத்தம் வந்தது. வியர்வைக்கு அப்படி எதுவும் வரவில்லை.

மருந்துக்கடைக்கு ஓடும் முன்...

வாசனை ஸ்பிரே நாற்றத்தைத்தான் மறைக்கும், வியர்வையை நிறுத்தாது. அலுமினியம் குளோரைடு கலந்த மருந்தைத்தான் டாக்டர்கள் முதலில் எழுதித் தருகிறார்கள். இரவில், நன்றாகக் காய்ந்த தோலில் தடவி காலையில் கழுவ வேண்டும். பகலில் ஈரக்கையில் பூசிவிட்டு "எரியுது, கேக்கல" என்று தூக்கிப் போடுபவர்கள் அதிகம்.

அடுத்தது, தண்ணீர்த் தட்டில் கையை வைத்து லேசாக மின்சாரம் செலுத்தும் சிகிச்சை. ஒரு தடவைக்கு 20 முதல் 30 நிமிடம் ஆகும். கர்ப்பிணிகளுக்கும் பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கும் கூடாது. போட்டாக்ஸ் ஊசி சில மாதங்கள் தாங்கும். ஆனால் செலவு அதிகம், உள்ளங்கையில் வலியும் அதிகம். நரம்பைத் துண்டிக்கும் ஆபரேஷனும் உண்டு. கை காய்ந்துவிடும், ஆனால் முதுகும் வயிறும் புதிதாக வியர்க்க ஆரம்பிக்கலாம். அவசரப்பட்டு செய்துகொண்டு வருத்தப்பட்டவர்கள் உண்டு.

மாத்திரை விஷயத்தில்தான் ஆபத்து. வியர்வையைக் குறைக்கும் மாத்திரைகள் வாயை உலர்த்தும், பார்வையை மங்கலாக்கும். உடம்பைக் குளிர வைப்பதே வியர்வைதான் என்பதால், வெயிலில் சுற்றும் டெலிவரி ஊழியரும் கட்டிடத் தொழிலாளியும் டாக்டரைக் கேட்காமல் அவற்றை விழுங்கினால் வெப்பத்தாக்கு வரை போகலாம்.

எல்லா வியர்வையும் இந்த வகையும் இல்லை. ராத்திரி தூக்கத்தில் பாய் நனைகிற அளவுக்கு வியர்த்து, எடையும் குறைந்தால் காசநோய், தைராய்டு பரிசோதனை அவசியம். சர்க்கரை நோயாளிக்கு திடீரென வியர்த்து நடுங்கினால் சர்க்கரை இறங்கியிருக்கலாம். நெஞ்சுவலியோடு குளிர்ந்த வியர்வை வந்தால் உடனே ஆஸ்பத்திரிதான்.

சென்னை அரசு பொது ஆஸ்பத்திரியிலும் ஸ்டான்லியிலும் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது. கூச்சத்தை விட்டுவிட்டுப் போனால், சிகிச்சையோடு ஒரு கடிதமும் கேட்டு வாங்கலாம். அதைச் சம்பளம் பிடித்த பிறகு நீட்டுவதைவிட, வேலையில் சேர்ந்த வாரத்திலேயே மேனேஜரிடம் கொடுத்து கையெழுத்து வாங்கி ஒரு நகலை வைத்துக்கொள்வது நல்லது. ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போடுபவர்கள் கைக்குக் கீழே ஒரு காய்ந்த துணியை வைத்துக்கொண்டால் மை கலையாது.