முதலில் தொடும் கைகள்

"அம்மை போட்டிருக்கிறது" என்ற சொல் ஒரு வீட்டில் எழுந்தால் வாசலில் வேப்பிலை செருகுவர்; மருத்துவரை அழைக்கத் தயங்குவர். குரங்கம்மை என்னும் நோய்க்கு இந்தத் தயக்கத்தைக் காட்டிலும் நல்ல துணை வேறில்லை.

குன்னத்துக்கும் குரங்கம்மைக்கும் என்ன உறவு என்று கேட்பீர்கள். பருத்தியும் மக்காச்சோளமும் விளையும் இப்பகுதியின் பிள்ளைகள், பிழைப்பு நாடிக் கடல் கடந்து சென்று, திருச்சி விமான நிலையம் வழியே வீடு திரும்புகின்றனர். நோய் வெளிப்பட 3 முதல் 21 நாள் வரை ஆகலாம். விமான நிலையச் சோதனையில் நலமாயிருந்தவர் பத்தாம் நாள் காய்ச்சலில் கிடக்கக்கூடும். அவரை முதலில் தொடப்போவது யார்? 108 ஊர்தியில் வரும் மருத்துவ உதவியாளரும் ஓட்டுநருமன்றோ!

கேரளம் கற்ற பாடம் நம் கண்முன் உள்ளது. இந்தியாவின் முதல் நோயாளி 2022 சூலை 14 அன்று கொல்லத்தில் கண்டறியப்பட்டார். அதே திங்கள் 30ஆம் நாள் திருச்சூர் மாவட்டத்தில் இளைஞர் ஒருவர் மாண்டார். வெளிநாட்டிலேயே அவருக்கு நோய் உறுதியான செய்தி, மருத்துவமனைக்குக் காலங்கடந்தே எட்டியது. ஏன் மறைக்கிறார்கள்? ஊர் ஏசும் என்ற அச்சம்! ஆகவே, உதவியாளர் கேட்கும் முதற் கேள்வி குற்ற விசாரணைபோல் ஒலிக்கலாகாது. "மூன்று வாரத்துக்குள் வெளியூர் போய் வந்தீர்களா? இப்படிக் கொப்புளம் கண்ட எவரோடேனும் நெருங்கிப் பழகினீர்களா?" என்று கனிவாகக் கேட்டால் உண்மை வரும்.

அடையாளம் என்ன? காய்ச்சல், உடல்வலி, கழுத்திலும் அக்குளிலும் தொடை இடுக்கிலும் நெறி கட்டுதல், பின்னர்க் கொப்புளம். சின்னம்மையில் புதியதும் பழுத்ததும் காய்ந்ததும் கலந்திருக்கும். நெறி கட்டுவது அரிது. குரங்கம்மையில் ஓரிடத்துக் கொப்புளங்கள் பெரும்பாலும் ஒரே பருவத்தில், ஆழமாய், கெட்டியாய் நிற்கும். உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் வரும். எனினும் 2022இல் பரவிய வகையில் பலருக்குப் பிறப்புறுப்பில் ஒன்றிரண்டு மட்டுமே கண்டன. ஐயம் எழுந்தாலே போதும், தற்காப்பு தொடங்க வேண்டும்.

நோயாளிக்கு முகக்கவசம் அணிவித்து, கொப்புளங்களைத் துணியால் மூடுக. உதவியாளருக்குக் கையுறை, மேலங்கி, என்-95 கவசம், கண்ணாடி தேவை. உடன் வருவோரைக் குறைத்து, மருத்துவமனைக்கு முன்கூட்டியே தகவல் தருக. படுக்கை விரிப்பை உதறவே கூடாது. உதிர்ந்த பொருக்கிலும் கிருமி உண்டு. ஊர்தியைக் கிருமிநாசினியால் துடைத்த பிறகே அடுத்த அழைப்புக்குப் போக வேண்டும்.

பெரியம்மை ஒழிந்ததென 1980இல் அறிவித்தபின் பிறந்தவர்களுக்கு அந்தத் தடுப்பூசி இல்லை. அது குரங்கம்மையையும் ஓரளவு தடுத்து வந்தது. இன்று 108இல் ஓடுவோர் பெரும்பாலும் அத்தலைமுறையினரே!

உலகச் சுகாதார நிறுவனம் 2024 ஆகஸ்டு 14இல் அறிவித்த நெருக்கடியை 2025 செப்டம்பர் 5இல் விலக்கிக்கொண்டது. நோய் விலகிவிடவில்லை. கவச உடைகளைப் பெட்டியில் பூட்டிவிடாமல், ஒவ்வோர் ஊர்தியிலும் வைத்து, அணியவும் கழற்றவும் பழக்குவது அரசின் கடன்.

பாதுகாப்பின்றி நோயாளியைத் தொட நேர்ந்த பணியாளரை 21 நாள் கண்காணிக்க வேண்டும்; அறிகுறி இல்லாதவரை விலக்கத் தேவையில்லை என்றே மைய அரசின் 2022ஆம் ஆண்டு வழிகாட்டுதல் கூறுகிறது. அறிகுறி கண்டுவிட்டால்? தனித்திருக்கும் அத்தனை நாட்களுக்கும் அவருடைய ஊதியம் குறையாது என்பதை எழுத்தில் தர வேண்டும்.