விடிய விடிய எழுதிய டெண்டர்

"கடைசி நேர நெருக்கடியில்தான் மூளை பிரமாதமாக வேலை செய்யும்." கோவையில் அண்மையில் நடந்த சிறுதொழில் பயிலரங்கில் பேச்சாளர் இப்படிச் சொன்னதும் பலத்த கைதட்டல். டெண்டர் போட்டுப் பிழைக்கிறவர்கள் இதற்கா கைதட்டுவது?

கெடுவுக்கு முந்தைய அந்தக் கடைசி ராத்திரியில் நடப்பது என்ன? டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் முதலாளியின் மேசைக்குள் இருக்கும். சாவி அவர் வீட்டில். ஆடிட்டர் (சி.ஏ.) அலுவலகம் பூட்டியாகிவிட்டது, யு.டி.ஐ.என். என்ற தனி அடையாள எண் இல்லாத விற்றுமுதல் சான்று செல்லாது. வங்கியின் சால்வன்சி (கடன் தீர்க்கும் திறன்) சான்று ஒரே நாளில் கைக்கு வருகிற காரியமே இல்லை. தூக்கக் கலக்கத்தில் விலைப்பட்டியல் எக்ஸெல் கோப்பின் பெயரை மாற்றிச் சேமித்தால் டெண்டரே தள்ளுபடியாகலாம். கெடு மறுநாள் மூன்று மணி என்றால் அது சர்வர் கடிகாரத்தின் மூன்று மணி. இதில் மூளைக்கு என்ன வேலை?

அவகாசம் போதவில்லை என்பதும் பொய். தமிழ்நாடு டெண்டர் வெளிப்படைத்தன்மை விதிகள் (2000) 2 கோடி ரூபாய் வரையிலான டெண்டருக்குக் குறைந்தது 15 நாளும், அதற்கு மேல் 30 நாளும் தரச் சொல்கின்றன. குறைப்பதென்றால் மேலதிகாரி காரணத்தை எழுதிவைக்க வேண்டும். மத்திய அரசின் பொது நிதி விதிகளில் (2017) சாதாரணமாக மூன்று வாரம். அறிவிப்பு வந்த அன்றே ஆவணத்தைப் படித்தவரால்தான் டெண்டருக்கு முந்தைய கூட்டத்தில் எழுந்து சந்தேகம் கேட்க முடியும். கடைசி ராத்திரி வீரருக்கு அப்படியொரு கூட்டம் நடந்ததே தெரியாது.

முன்கூட்டியே தயாராவது என்றால் என்ன என்பதற்கு அமெரிக்காவின் க்ரம்மன் நிறுவனத்தைப் பாருங்கள். நிலவில் மனிதரை இறக்கும் கலத்துக்கு நாசா 1962 ஜூலையில் 11 நிறுவனங்களிடம் திட்டம் கேட்டது. ஒன்பது நிறுவனங்கள் கொடுத்தன. கெடு சுமார் ஆறு வாரம். நவம்பரில் வென்றது க்ரம்மன். எப்படி? அதன் பொறியாளர் தாமஸ் கெல்லியும் அவருடைய குழுவும் 1960 முதலே நிலவுப் பயணத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். 1961-ல் அப்பல்லோ விண்கலப் போட்டியில் தோற்ற பிறகும் அவர்கள் ஆராய்ச்சியைக் கைவிடவில்லை. அறிவிப்பு வந்தபோது பாதி விடை அவர்கள் கையில் இருந்தது. நிலவுக்கே அப்படித் தயாரானார்கள். நம் ஊரில் பஞ்சாயத்துக் குழாய் வேலைக்கு ஜி.எஸ்.டி. சான்றிதழை நள்ளிரவில் தேடுகிறோம்.

ஆனால் இங்கே, ராத்திரி முழுக்கக் கண் சிவக்க உட்கார்ந்திருந்த கணக்கரை மறுநாள் எல்லார் முன்னாலும் பாராட்டுகிறார் முதலாளி. இரண்டு நாள் முன்னதாகவே முடித்துவைத்த பெண் ஊழியரின் பெயரை யாரும் சொல்வதில்லை. பரீட்சைக்கு முந்தின இரவு கண்விழித்துப் படித்த பிள்ளையைக் கொண்டாடும் பள்ளியிலேயே இந்தக் கேடு ஆரம்பிக்கிறது. கெடு முடியும் தறுவாயில் திருத்த அறிவிப்பு போடும் அரசு அலுவலகங்களுக்கும் இதில் பங்கு உண்டு. ஆனாலும் அடிப்படை வேலையை முன்பே முடித்தவருக்குத் திருத்தம் ஒரு மணி நேர வேலை. க்ரம்மனுக்கு ஆறு வாரம் போதுமானதாக இருந்ததும் இதனால்தான்.

விலை வெளியே கசிந்துவிடும், அதனால்தான் காத்திருக்கிறோம் என்பார்கள். ரகசியம் விலைக்கு மட்டும்தானே? அனுபவச் சான்று, இயந்திரப் பட்டியல், இ.எம்.டி. (முன்வைப்புத் தொகை) எல்லாவற்றையும் முதல் வாரத்திலேயே முடிக்கலாம். அரசு டெண்டர் போர்ட்டலில் டெண்டரை இரண்டு நாள் முன்பே ஏற்றிவிட்டு, கெடு முடிவதற்குள் விலையை மாற்றி மறுபடி சமர்ப்பிக்கவும் வழி இருக்கிறது. வாபஸ் பொத்தானைத் தொட்டுவிடக் கூடாது. தொட்டால் அந்த டெண்டரில் மறுபடி நுழைய முடியாது.