கழிமுகத்தில் வெந்நீர் விடுவதைக் கண்டித்து மீனவர் சங்க அறிக்கை

அனல்மின் நிலையங்களின் நீராவியைத் தண்ணீராக்கும் கலனான கண்டன்சரைக் குளிர்வித்துவிட்டு வரும் வெந்நீரை ஆற்று முகத்துவாரங்களிலும் உப்பங்கழிகளிலும் திறந்துவிடுவதை எங்கள் சங்கம் வன்மையாகக் கண்டிக்கிறது. விடுகிற நிர்வாகங்களோடு, விடக்கூடாது என்று 1998-லேயே விதி எழுதிவிட்டு அதைத் திரும்பிப் பார்க்காத அரசுத் துறைகளையும் சேர்த்தே கண்டிக்கிறோம்.

சென்னைக்கு வடக்கே உள்ள எண்ணூர்க் கழி என்றதும் எல்லோரும் சாம்பலைப் பேசுகிறார்கள். பேசத்தான் வேண்டும். அங்குள்ள கொசஸ்தலை ஆற்றில் நிலக்கரிச் சாம்பல் படிந்து ஆழம் போனது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2022-ல் அது பற்றித் தீர்ப்பும் சொன்னது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து கழி முழுக்கப் படர்ந்தபோது, கறுத்துப்போன படகுகளைத் தொலைக்காட்சிகள் நாள்தோறும் காட்டின. சாம்பலையும் எண்ணெயையும் படம் பிடித்துவிடலாம். சூட்டை எப்படிப் படம் பிடிப்பது? பார்வைக்கு அது தெளிந்த தண்ணீர். அதனால்தான், "கடலில் எடுத்ததைக் கடலுக்கே கொடுக்கிறோம், தண்ணீர்தானே" என்கிற பேச்சு இத்தனை காலம் எடுபட்டிருக்கிறது.

எடுப்பது என்ன, கொடுப்பது என்ன என்று பார்ப்போம். நிலக்கரியை எரித்து வரும் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலேதான் மின்சாரமாகிறது. கொஞ்சம் புகைபோக்கி வழியே போய்விடுகிறது. மிச்சம், அதாவது மின்சாரமானதைவிடக் கூடுதலான வெப்பம், டர்பைனைச் சுழற்றிவிட்டு வரும் நீராவியைக் குளிரவைக்கும் தண்ணீரில் இறங்குகிறது. ஒரே ஒரு 500 மெகாவாட் அலகு, கடல்நீரை ஒருமுறை மட்டும் ஓடவிட்டு 7 டிகிரி சூடேற்றி வெளியேற்றுகிறது என்று வைத்துக்கொண்டால், அதற்கு வினாடிக்கு ஏறத்தாழ 25,000 லிட்டர் தண்ணீர் வேண்டும். சென்னைத் தெருக்களில் ஓடும் பெரிய தண்ணி லாரி இரண்டு, ஒவ்வொரு வினாடியும், இரவு பகலாக.

அந்தத் தண்ணீர் வெறுமையாக உள்ளே போவதில்லை. மீன் முட்டை, பொரிந்த குஞ்சு, கண்ணுக்குத் தெரியாத இறால் குஞ்சு, அவை தின்னும் மிதவை உயிர்கள் எல்லாம் அதில் இருக்கின்றன. பெரிய மீனைச் சல்லடை தடுக்கும். பல நேரம் அதிலேயே ஒட்டிச் சாகும். சிறியவை சல்லடைக் கண்ணுக்குள் புகுந்து பம்பிலும் குழாயிலும் அடிபட்டு, நொடியில் சூடேறி, குழாயில் சிப்பி ஒட்டாமலிருக்கப் போடும் குளோரினையும் வாங்கிக்கொண்டு மறுபுறம் வருகின்றன. வெளியே வரும் நீரின் தெளிவைக் காட்டுகிறவர்கள், அதில் உயிரோடு எவ்வளவு வந்தது என்ற கணக்கையும் காட்டட்டும்.

மீனுக்குச் சூடு ஆகாது என்பதை நாங்கள் அனுபவத்தில் சொன்னால் நம்ப மறுக்கிறார்கள். பாடப் புத்தகத்தில் இருப்பதையே சொல்கிறோம். நன்னீரில் 30 டிகிரியில் லிட்டருக்கு அதிகபட்சம் ஏழரை மில்லிகிராம் அளவு உயிர்வாயு கரையும். 37 டிகிரியில் அது 6.7 அளவுக்கு இறங்கிவிடும். உப்புநீரில் இரண்டுமே இன்னும் குறைவு. அதே வேளையில், மீனின் உடம்புக்குத் தனிச் சூடு கிடையாது. தண்ணீர் சூடானால் அதன் உடம்பும் சூடாகும், உடம்புக்குள் நடக்கும் வேலை எல்லாம் வேகமெடுக்கும். 10 டிகிரி கூடினால் உயிர்வாயுத் தேவை சுமார் இரண்டு மடங்காகும். தேவை ஏறும்போது வரத்து இறங்குகிறது. பக்கிங்காம் கால்வாய் வழியாக நகரத்துச் சாக்கடையும் வந்து சேரும் கழியில், அதை மக்கவைக்கும் நுண்ணுயிர்களும் சூட்டில் வேகமாகப் பெருகி, இருக்கிற கொஞ்சத்தையும் இழுத்துக்கொள்கின்றன. வெந்நீரைத் தனியாகவும் சாக்கடையைத் தனியாகவும் அளந்து, தனித்தனியே "வரம்புக்குள் இருக்கிறது" என்று சான்று கொடுப்பவர்களுக்கு மீன் இரண்டிலும் ஒரே நேரத்தில் வாழ்கிறது என்பது தெரியாதா?

இனி அந்த 7 டிகிரிக்கு வருவோம். 1999 ஜூன் 1-க்குப் பின் இயங்கத் தொடங்கிய கடலோர மின்நிலையங்கள், நீர் சேரும் இடத்தின் இயல்பான வெப்பத்தைவிட 7 டிகிரிக்கு மேல் கூட்டக்கூடாது என்பது ஒன்றியச் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் 1998 அறிவிக்கையில் உள்ள விதி. அதற்கு முந்தைய நிலையங்களில், உள்ளே போகும் நீருக்கும் வெளியே வரும் நீருக்கும் 10 டிகிரி வரை வேறுபாடு இருக்கலாம். ஐரோப்பாவில் 1978-ல் வந்த நன்னீர் மீன் விதிமுறை, சால்மன் வகை மீன் வாழும் ஆறுகளில் ஒன்றரை டிகிரியும் கெண்டை வகை வாழும் ஆறுகளில் 3 டிகிரியும்தான் கூடலாம் என்றது. அவை குளிர்ந்த நாடுகள். அங்குள்ள மீனுக்குச் சூடேற இன்னும் இடம் உண்டு. நம் கரையோர மீன்கள் ஏற்கெனவே தாங்கும் எல்லைக்கு அருகில் வாழ்பவை. சித்திரை வெயிலில் 30, 31 டிகிரியில் கிடக்கும் ஆழமில்லாத கழியில் 7 டிகிரி கூடினால் என்ன ஆகும் என்று விதி எழுதியவர்கள் ஒரு மதியம் இடுப்பளவு தண்ணீரில் நின்று பார்த்திருக்கலாம்.

"இயல்பான வெப்பம்" என்பதை எங்கே அளப்பது என்பதும் ஒரு கேள்வி. ஒரே கழியைச் சுற்றிப் பல ஆலைகள் நிற்கும் இடத்தில், ஏற்கெனவே சூடாகிப்போன தண்ணீரையே இயல்பு என்று எழுதிவிட்டால் வரம்பு ஒருநாளும் மீறப்படாது.

ஆனால் எங்கள் முதன்மையான குற்றச்சாட்டு டிகிரியைப் பற்றியதே அல்ல. அதே 1998 அறிவிக்கையின் வழிகாட்டுதலில் இன்னொரு வரி இருக்கிறது: கழிமுகங்களிலும், அலையாத்திக் காடு, பவளப்பாறை, மீன் இனப்பெருக்க இடங்கள் போன்றவற்றுக்கு அருகிலும் குளிர்விப்பு நீரை விட அனுமதிக்கக் கூடாது. 7-ம் இல்லை, 10-ம் இல்லை, அனுமதியே கூடாது. இருந்தும் எண்ணூரில் மின்நிலைய வெந்நீர் வாய்க்கால் வழியாகக் கழிக்குத்தான் வந்து சேர்ந்தது. தூத்துக்குடியில் ஐந்து 210 மெகாவாட் அலகுகளின் வெந்நீர் சென்று சேரும் விரிகுடா, 21 தீவுகளும் பவளப்பாறைகளும் கொண்ட மன்னார் வளைகுடாவின் ஓரம். பவளம் கோடை உச்சத்தைவிட ஒரு டிகிரி கூடி சில வாரம் நீடித்தாலே வெளுத்துப்போகும் உயிர்.

கழிமுகத்தை ஏன் தனியாகச் சொன்னார்கள்? வெள்ளை இறால் கடலில் முட்டையிடும். குஞ்சு ஏற்றத்தோடு முகத்துவாரம் வழியே உள்ளே வந்து, கழிச் சேற்றில் வளர்ந்து, பெரிதானதும் கடலுக்குத் திரும்பும். மடவையும் கொடுவாவும் முட்டையிடக் கடலை நாடும், குஞ்சுகள் உள்ளே வரும். எல்லாவற்றுக்கும் வாசல் ஒன்றுதான். அந்த வாசலில் சூடு நின்றால் வளர்ந்த மீன் ஒதுங்கிப் போகும். நீந்தும் வலுவில்லாத குஞ்சு எங்கே போகும்? திறந்த கடலில் விட்டால் நீரோட்டம் சூட்டைக் கலைக்கும். கழியில் வற்றத்தில் வெளியேறியது அடுத்த ஏற்றத்தில் திரும்ப உள்ளே வரும். முகத்துவாரம் மணல் மேடிட்டு அடைத்துக்கொள்ளும் மாதங்களில் அதுவும் இல்லை, சூடு அங்கேயே நிற்கும். கட்டுமரமோ விசைப்படகோ வைத்திருப்பவர் வேறு பாடு தேடிப் போகலாம். கழியில் கையால் தடவி இறால் பிடித்து, பறியில் போட்டுக்கொண்டு பிழைக்கும் ஆண்களும் பெண்களும் எங்கேயும் போக முடியாது.

வெந்நீர் வாய்க்காலின் வாயில் மீன் கூடுகிறதே என்றும் சொல்கிறார்கள். கூடும். 40 டிகிரி வரை தாக்குப்பிடிக்கும் ஜிலேபி கூடும். சந்தையில் ஜிலேபி என்ன விலை, இறால் என்ன விலை என்று கேட்டுவிட்டு வந்து பேசட்டும்.

சூடு மாசா என்று சட்டத்தைக் கேட்பவர்களுக்கு: 1974-ம் ஆண்டு நீர் மாசுத் தடுப்புச் சட்டம் தண்ணீரின் வேதியியல், உயிரியல் தன்மைகளோடு பௌதிகத் தன்மையை மாற்றுவதையும் மாசு என்றே சொல்கிறது. வெப்பம் பௌதிகத் தன்மை இல்லாமல் வேறென்ன? இதற்குப் பிறகும், ஒருமுறை ஓடவிட்டு வெளியேற்றும் நிலையங்கள் குளிர்கோபுரம் அமைத்து, பயன்படுத்தும் நீரை ஒரு வரம்புக்குள் வைக்க வேண்டும் என்று 2015 டிசம்பரில் அறிவித்த ஒன்றியச் சுற்றுச்சூழல் அமைச்சகம், 2018 ஜூனில் கடல்நீர் பயன்படுத்தும் நிலையங்களுக்கு நீர் அளவு வரம்பு பொருந்தாது என்று விலக்கு அளித்தது. கடல்நீர் தீராதது, எவ்வளவு எடுத்தாலென்ன என்பது அதன் உட்பொருள். எடுக்கும் தண்ணீரில் இருக்கும் குஞ்சுகள் தீராதவை என்று யார் சொன்னது? இந்த விலக்கையும் கண்டிக்கிறோம்.

முடியாத எதையும் நாங்கள் கேட்கவில்லை. கடல்நீரைக் கோபுரத்தில் குளிரவைத்து மறுபடி பயன்படுத்தலாம் என்பதற்கு எண்ணூரை அடுத்த வல்லூர் அனல்மின் நிலையத்தில் நிற்கும் கோபுரங்களே சாட்சி. கோபுரத்துக்குச் செலவு உண்டு, உப்பு ஏறிய கழிவுநீர் கொஞ்சம் மிஞ்சும் என்பது எங்களுக்கும் தெரியும். அதை ஆழத்தில் கொண்டுபோய் விட முடியும். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் டர்க்கி பாயிண்ட் மின்நிலைய வெந்நீர் பிஸ்கேன் விரிகுடாவின் கடற்புல்லை அழித்தபோது, அந்நாட்டு அரசே 1970-ல் வழக்குத் தொடுத்தது. விரிகுடாவில் விடுவதை நிறுத்த அடுத்த ஆண்டே உடன்பாடு ஆனது. கலிபோர்னியா 2010-ல் கடலோர நிலையங்களை ஒருமுறை ஓடவிட்டு வெளியேற்றும் முறையிலிருந்து படிப்படியாக வெளியேற்றக் கொள்கை வகுத்தது. இங்கே அரசு வழக்குப் போட வேண்டாம், தான் எழுதிய விதியை நடத்திக்காட்டினால் போதும்.

ஆகவே, கழிமுகங்களிலும் பவளப்பாறை ஓரங்களிலும் வெந்நீர் விடும் எல்லா வாய்க்கால்களையும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கணக்கெடுத்து மூட உத்தரவிட வேண்டும். 2018 விலக்கு திரும்பப் பெறப்பட வேண்டும். நீரை எடுக்கும் இடம், விடும் இடம், கழியின் நடு ஆகிய மூன்றிலும் வெப்பத்தையும் உயிர்வாயுவையும் தொடர்ந்து அளந்து, அந்த எண்களைத் தமிழில் ஒவ்வொரு குப்பத்தின் ஏலக்கூடத்திலும் பலகையில் எழுதிப் போட வேண்டும். அளக்கும் குழுவில் மீனவர் இருக்க வேண்டும். அளவு மதியத்திலும் வற்றத்திலும் எடுக்கப்பட வேண்டும், விடியற்காலைக் குளிரில் மட்டும் எடுத்த அளவை ஏற்கமாட்டோம். கழியை நம்பிக் கைத்தொழில் செய்வோருக்கு, படகு இல்லை என்ற காரணம் சொல்லித் தள்ளாமல், இழப்பீடு தர வேண்டும்.

இந்த அறிக்கையின் படிகள் ஒன்றிய, மாநிலச் சுற்றுச்சூழல் துறைகளுக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் மீன்வளத் துறைக்கும் அனுப்பப்படுகின்றன. எழுத்துமூலமான பதில் வராவிட்டால், 1998 அறிவிக்கையின் நகலோடு பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வை அணுகுவோம்.

இவண்,
சங்கத்தின் செயற்குழு