தூணுக்கு இடமுண்டு, குடிசைக்கு இல்லையா?

சென்னையில் போடும் சாலையைப் பற்றி நெய்வேலியில் என்ன பேச்சு என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். சுரங்கத்துக்கு ஊரையே கொடுத்துவிட்டு, அதே சுரங்கத்தில் ஒப்பந்தக் கூலிகளாக நிற்பவர்கள் நம்மில் எத்தனை பேர்! நாம் பேசாமல் வேறு யார் பேசுவது?

துறைமுகத்துச் சரக்கு லாரிகள் நகருக்குள் சிக்காமல் மதுரவாயல் போய்ச் சேர ஒரு பறக்கும் சாலை. 2009-ல் பிரதமர் மன்மோகன் சிங் அடிக்கல் நாட்டினார். கூவத்தில் தூண் நட்டால் வெள்ளம் தடைப்படும் என்று 2012-ல் மாநில சர்க்கார் வேலையை நிறுத்தியது. தூண்கள் மொட்டையாய் நின்றன. 2022-ல் பிரதமர் மோடி மறுபடியும் ஒரு கல் நாட்டினார். இப்போது இரண்டு அடுக்கு. மேலடுக்கு துறைமுக லாரிகளுக்கு.

சாலை வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. துறைமுக வாசலில் வரிசையில் காய்ந்து கிடக்கும் லாரி டிரைவரும் பாட்டாளிதான். ஆனால் சாலைக்கென்றும், ஆற்றைச் சுத்தம் செய்யவென்றும் சொல்லி, கூவக்கரைக் கூலி ஜனங்களைக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அள்ளிக்கொண்டு போய்ப் போட்டார்களே, அது என்ன நியாயம்? ஆற்றோரம் குடிசை நின்றால் ஆக்கிரமிப்பாம். ஆற்றிலேயே தூண் நின்றால் அபிவிருத்தியாம்! மூட்டை தூக்குகிறவனும் வீட்டு வேலைக்குப் போகிறவளும் பழைய இடத்துக்கே பஸ் ஏறி வரவேண்டும். பாதிக் கூலி யாருக்கு?

கரையில் மிச்சமிருப்பவர்களுக்காவது அந்த வட்டாரத்திலேயே வீடு கட்டிச் சாவியைக் கையில் கொடுத்துவிட்டு, அப்புறம் குடிசையில் கை வைக்கட்டும்.