உண்ணும் நாளும் உண்ணா நாளும்

அமெரிக்க நாளேடுகளிலும் வானொலி நிலையங்களிலும் 'இன்றைய நாள்' என்றொரு பகுதி வருவதுண்டு. அன்று எந்த உணவைக் கொண்டாட வேண்டும் என்று முதலில் சொல்வார்கள். அதையடுத்து, அந்தத் தேதியில் முற்காலத்தில் நிகழ்ந்தவை. இறுதியில் பிறந்தவர், மறைந்தவர் பட்டியல். சனவரி 19 என்றால் பாப்கார்ன். சூன் மாதத்து முதல் வெள்ளிக்கிழமை டோனட். சூலையின் மூன்றாம் ஞாயிறு ஐஸ்கிரீம். டிசம்பர் 15 கப் கேக். மறுநாளாகிய 16 இன்னும் விசித்திரம்: 'சாக்லேட் பூசிய எதுவாயினும்' என்பதே அந்நாளின் பெயர். ஆண்டின் ஒவ்வொரு நாளுக்கும் இப்படி ஏதேனும் ஒரு தின்பண்டம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. இணையத்தின் வழி இந்தப் பட்டியல் நம் கைபேசிகளுக்கும் வந்து சேர்ந்துவிட்டது.

இவற்றை எல்லாம் யார் தீர்மானிக்கிறார்கள் என்ற கேள்வி இயல்பாக எழும். ஒரே விடை கிடையாது. டோனட் நாளைத் தொடங்கியது இரட்சணிய சேனை. 1938இல், பொருளாதாரப் பெருமந்தத்தின் காலத்தில், வறியோருக்கு நிதி திரட்டுவதற்காகச் சிகாகோ நகரில் அது தொடங்கப்பட்டது. முதல் உலகப் போரின்போது, 1917இல், பிரான்சின் போர்முனைக்குச் சென்ற அவ்வமைப்பின் பெண்கள், கிடைத்த மாவையும் கொழுப்பையும் கொண்டு டோனட் பொரித்து வீரர்களுக்குக் கொடுத்தார்கள். அந்தப் பெண்களை நினைவுகூர்வதும் அந்நாளின் நோக்கம். ஐஸ்கிரீம் நாளுக்கு வேறு வழி. நாடாளுமன்றத்தின் தீர்மானத்தையொட்டி 1984இல் அதிபர் ரொனால்ட் ரேகன் அதனை அறிவித்தார். நாட்டின் பாலில் ஏறத்தாழ பத்து விழுக்காடு ஐஸ்கிரீமுக்குச் செல்வதையும், அதனால் பால் தொழிலுக்கு விளையும் நன்மையையும் அவ்வறிவிப்பே வெளிப்படையாகக் கூறிற்று. பின்னர் இத்தகைய நினைவுநாள் மசோதாக்கள் மலிந்து அவையின் நேரத்தைத் தின்னத் தொடங்கியதால், 1995இல் பிரதிநிதிகள் சபை அவற்றுக்குத் தடை விதித்தது.

அரசு விலகிக்கொண்ட இடத்தை மற்றவர்கள் நிரப்பினார்கள். மிச்சிகன் மாநிலத்தின் ஃபிளின்ட் நகரில் 1957இல் சேஸ் சகோதரர்கள் தொடங்கிய ஆண்டு நாள்தொகுப்பு ஏற்கெனவே செய்தியாளர்களின் கையேடாக இருந்தது. 2013இல் வடக்கு டகோட்டாவின் மாண்டன் என்னும் சிற்றூரிலிருந்து ஓர் இணைய நாள்காட்டி கிளம்பியது. புதிய நாள்களைப் பதிவுசெய்து அறிவிப்பதையே அது தொழிலாகக் கொண்டது. இன்று 'தேசிய நாள்' என்னும் பெயரோடு உலவும் பலவற்றுக்குத் தேசத்தின் ஒப்புதல் ஏதுமில்லை. விற்கிறவர் விரும்பினார், தொகுக்கிறவர் அச்சிட்டார், படிக்கிறவர் நம்பினார், அவ்வளவே.

இதைக் கண்டு முகம் சுளிப்பது என் நோக்கமன்று. ஒரு நாளில் ஒரு பண்டத்தை நினைத்துக்கொண்டு நாலு பேர் கூடி உண்பதில் குற்றமென்ன? நம் ஊர்களிலும் ஆடிக்கூழுக்கும் திருவாதிரைக் களிக்கும் நாள் உண்டு. என் கவலை வேறு. அந்தப் பக்கத்தின் அமைப்பைப் பற்றியது அது. உணவு ஒரு பத்தியில், வரலாறு மற்றொரு பத்தியில் என்று பிரித்து வைக்கும்போது, உணவு வேடிக்கையாகவும் வரலாறு போர்கள், சட்டங்கள், பெரிய மனிதர்களின் செயலாகவும் சுருங்கிவிடுகிறது. உணவுக்கு வரலாறு இல்லை என்பதும், வரலாற்றுக்கு வயிறு இல்லை என்பதும் சொல்லாமலே நிலைநாட்டப்படுகின்றன.

டிசம்பர் 16ஐயே எடுத்துக்கொள்வோம். 1773ஆம் ஆண்டு அந்நாளில்தான் பாஸ்டன் துறைமுகத்தில் 342 பெட்டித் தேயிலை கடலில் கொட்டப்பட்டது. அது வரலாற்றுப் பத்தியில் இடம்பெறும். உணவுப் பத்தியிலோ சாக்லேட் இருக்கும். ஒரு நாட்டின் விடுதலைப் போருக்கே முன்னுரையாக அமைந்த உணவுப்பொருள், உணவுப் பத்தியில் நுழைய இடம் பெறவில்லை.

இனி டிசம்பர் 15க்கு வருவோம். கப் கேக் நாள். இந்தச் சிறு பண்டத்துக்குப் பின்னும் ஒரு வரலாறு உண்டு. 1796இல் வெளியான 'அமெரிக்கன் குக்கரி' என்னும் நூலில் சிறு கிண்ணங்களில் சுடும் கேக் ஒன்றுக்குச் செய்முறை இருக்கிறது. அமெரிக்கர் ஒருவர் எழுதிய முதல் சமையல் நூலாகக் கருதப்படுவது அது. அதை எழுதிய அமெலியா சிம்மன்ஸ், நூலின் முகப்பிலேயே தம்மை 'ஓர் அமெரிக்க அனாதை' என்று அறிமுகப்படுத்திக்கொள்கிறார். பிறர் வீட்டு அடுக்களைகளில் உழைத்துப் பிழைக்க வேண்டிய பெண்களின் நிலையை அந்த ஒரு சொல் காட்டிவிடுகிறது. கப் கேக் நாள் அவரை நினைக்கச் சொல்வதில்லை, வாங்கச் சொல்கிறது. வரலாற்றுப் பத்தியில், 1791இல் இதே நாளில் அமெரிக்க அரசியலமைப்பின் முதல் பத்துத் திருத்தங்களான உரிமைச் சாசனம் நடைமுறைக்கு வந்த செய்தி இருக்கும். பேச்சுரிமையையும் ஒன்றுகூடும் உரிமையையும் தந்த நாள் அது. இரண்டு பத்திகளும் ஒன்றையொன்று திரும்பிப் பார்ப்பதில்லை.

அதே டிசம்பர் 15இல், 1952ஆம் ஆண்டு, சென்னையில் ஒருவர் உண்ணாமலே இறந்தார். பொட்டி ஸ்ரீராமுலு. சென்னையில் பிறந்து, இரயில்வேயில் பணியாற்றி, காந்தியடிகளைப் பின்பற்றி ஆசிரம வாழ்வை ஏற்றவர். ஒடுக்கப்பட்ட மக்களின் கோயில் நுழைவுக்காக நெல்லூரில் முன்னரே உண்ணாநோன்பு இருந்தவர். தெலுங்கு பேசும் மக்களுக்குத் தனி மாநிலம் வேண்டி 1952 அக்டோபர் 19 அன்று மயிலாப்பூரில் நோன்பைத் தொடங்கினார். சென்னை நகரைப் பற்றிய கோரிக்கையும் அதனோடு பிணைந்திருந்ததால் தமிழர் தரப்பில் எதிர்ப்பு இருந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் எட்டு வாரங்களுக்கு மேல் ஓர் உடல் சிறிதுசிறிதாகத் தன்னையே தின்று தீர்ந்ததன் விளைவு இந்தியாவின் வரைபடத்தையே மாற்றியது. அவர் மறைந்த நான்காம் நாள் நேரு தனி மாநில அறிவிப்பை வெளியிட்டார். 1953 அக்டோபர் முதல் நாள் ஆந்திர மாநிலம் பிறந்தது. 1956இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தன. அதே 1956இல் 'தமிழ்நாடு' என்ற பெயருக்காகச் சங்கரலிங்கனாரும் உண்ணாநோன்பில் உயிர் நீத்தார். அப்பெயர் 1969இல் நடைமுறைக்கு வந்தது. நம் மாநிலங்களின் எல்லைக்கும் பெயருக்கும் பின்னால் பசித்த வயிறுகள் இருக்கின்றன. இவை உணவின் வரலாறு அல்ல என்று எப்படிச் சொல்வது?

டிசம்பர் 15க்கு இன்னொரு முகமும் உண்டு. 2005இல் தில்லியில் தொழிற்சங்கங்களின் முயற்சியால் அந்நாள் 'பன்னாட்டுத் தேநீர் நாள்' ஆகக் கடைப்பிடிக்கப்பட்டது. பின் இலங்கை உள்ளிட்ட தேயிலை விளையும் நாடுகளுக்கும் அது பரவியது. அந்நாளில் பேசப்பட்டது தேநீரின் சுவையன்று. தேயிலை பறிப்போரின் கூலி, குடியிருப்பு, சிறு விவசாயிகளுக்குக் கிடைக்கும் விலை ஆகியவையே. பின்னர் இந்தியா 2015இல் முன்வைத்த யோசனை வளர்ந்து, 2019 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை மே 21ஐப் பன்னாட்டுத் தேநீர் நாளாக அறிவித்தது. பெரும்பாலான நாடுகளில் தேயிலைப் பருவம் மே மாதத்தில் தொடங்குகிறது என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம்.

அத்தீர்மானம் ஏழை உழவர்களைப் பற்றியும் வறுமை ஒழிப்பைப் பற்றியும் பேசவே செய்கிறது. ஆகவே அதனைச் சதி என்று பழிப்பது நேர்மையாகாது. எனினும் ஒரு வேறுபாட்டை நாம் கவனிக்க வேண்டும். முதல் நாளைத் தேர்ந்தவர்கள் தொழிலாளர் தரப்பினர். இரண்டாம் நாளைத் தேர்ந்தது செடியின் பருவம். செடிக்குத் துளிர்க்கும் காலம் ஒன்று உண்டு. அதைப் பறிக்கும் கைகளுக்கு ஆண்டு முழுவதும் ஒரே காலந்தான். மே 21 அன்று இன்று நம் கண்ணில் மிகுதியாகப் படுவன கோப்பைகளின் படங்களும் நறுமணத்தைப் பற்றிய வாசகங்களும். பத்தி மாறிவிட்டது. கூலிக் கணக்கிலிருந்து தேநீர் கொண்டாட்டக் கணக்குக்கு வந்துவிட்டது.

தமிழ் வாசகருக்கு இது தொலைவுச் செய்தியன்று. இலங்கையின் மலைகளில் தேயிலையை வளர்த்தவர்கள் தமிழ்நாட்டிலிருந்து சென்றவர்கள். 1948இன் குடியுரிமைச் சட்டம் அவர்களில் இலட்சக்கணக்கானோரை நாடற்றவர்களாக்கியது. 1964இன் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை இரு நாடுகளுக்கிடையே எண்ணிக்கையாகப் பங்கிட்டது. இப்பால் வால்பாறைப் பகுதியில் மருத்துவராகப் பணியாற்றிய பி. எச். டேனியல், தோட்டத் தொழிலாளரின் வாழ்வை 'ரெட் டீ' என்ற ஆங்கில நாவலாக 1969இல் எழுதினார். இரா. முருகவேளின் மொழிபெயர்ப்பில் அது 'எரியும் பனிக்காடு' என வந்தது. நாள்காட்டி இரு பத்திகளாகப் பிரித்ததை இலக்கியம் ஒரே பக்கத்தில் சேர்த்து எழுதிவிடுகிறது. தேநீரும் அதற்காக மாண்டவரும் அங்கே அடுத்தடுத்த வரிகளில் இருக்கிறார்கள்.

நம் மரபில் இவ்விணைப்பு புதிதன்று. மணிமேகலையின் அமுதசுரபி ஆண்டில் எந்த நாளிலும் வெளிப்படுவதன்று. வைகாசி விசாகத்தில்தான் கோமுகிப் பொய்கையில் அது மேலெழும். புத்தர் பிறந்த நாள் அது. ஆபுத்திரன் கையிலிருந்து நீரில் மறைந்த அந்தப் பாத்திரம், பசித்தோருக்கு உணவளிக்க மீண்டும் கிடைப்பது அன்றுதான். நாள், உணவு, பசி, நினைவு ஆகிய நான்கையும் சாத்தனார் ஒரே முடிச்சில் கட்டியிருக்கிறார். அதை 'உணவு நாள்' என்று மட்டுமோ 'வரலாற்று நாள்' என்று மட்டுமோ பெயரிட முடியுமா?

அண்மைக்கால வரலாற்றிலும் ஒரு சான்று உண்டு. 1905 அக்டோபர் 16 அன்று வங்கப் பிரிவினை நடைமுறைக்கு வந்தபோது, அதை எதிர்த்த வங்கத்து வீடுகளில் அடுப்பு மூட்டவில்லை. 'அரந்தன்', அதாவது சமைக்காமை, என்று அதற்குப் பெயர். பேரரசின் ஆணைக்கு ஒரு மக்கள் கூட்டம் தன் அடுக்களையிலிருந்து விடை சொல்லிற்று. 1945இல் அதே அக்டோபர் 16இல் உணவு, வேளாண்மை நிறுவனம் தோன்றியதால், அந்நாள் இன்று உலக உணவு நாள். அடுப்பணைந்த நாளே உணவு நாளாகவும் இருப்பது தற்செயல்தான். ஆனால் தற்செயலை நினைவாக மாற்றுவது படிப்பவரின் வேலை.

இங்கே ஒரு மறுப்பு எழக்கூடும். நாள்பட்டியல் என்பது அறிமுகம் மட்டுமே, அதனிடம் ஆழத்தை எதிர்பார்ப்பது முறையா என்று கேட்கலாம். தேதி என்ற தற்செயலைத் தவிரக் கப் கேக்குக்கும் ஸ்ரீராமுலுவுக்கும் என்ன உறவு என்றும் கேட்கலாம். உண்மைதான், காரண உறவு எதுவுமில்லை. ஆனால் பட்டியலின் இயல்பே தொடர்பற்றவற்றை அருகில் வைப்பது. அருகில் வைத்துவிட்டு, அவற்றுள் எது சிரிப்புக்குரியது, எது சிந்தனைக்குரியது என்று முன்கூட்டியே பிரித்தும் வைக்கிறது. அந்தப் பிரிவினையைத்தான் நான் மறுக்கிறேன்.

கல்லூரிகளில் அறிவிப்புப் பலகைகளில் நாள்தோறும் 'இன்றைய சிறப்பு' எழுதும் வழக்கம் உண்டு. மாணவர்கள் இணையத்திலிருந்து எடுத்து அழகாக எழுதுகிறார்கள். எழுதுவதை நிறுத்தச் சொல்வது வீண். எழுதும் ஒவ்வொரு நாளுக்கும் மூன்று கேள்விகளைச் சேர்க்கச் சொல்லலாம்: இந்த நாளைக் குறித்தவர் யார்? இந்த உணவை ஆக்கியவர் யார்? அன்று உண்ணாமல் இருந்தவர் யார்? ஐஸ்கிரீம் நாளுக்கு இவற்றுள் முதல் கேள்வி போதும். டோனட் நாளுக்கு இரண்டு தேவைப்படும். டிசம்பர் 15க்கு மூன்றும் வேண்டும்.

விற்பனைக்காரர்கள் நாள்களை எடுத்துக்கொள்வதற்கு அவர்கள் மட்டும் காரணமல்லர். நினைவுக்குரிய நாள்களை நாம் காலியாக விட்டுவைத்தோம். காலியிடத்தில் கடை வந்தது. அடுத்த டிசம்பர் 15 அன்று எவரேனும் கப் கேக் வாழ்த்து அனுப்பினால் கோபம் கொள்ள வேண்டியதில்லை. அமெலியா சிம்மன்ஸைப் பற்றியும், மயிலாப்பூரில் உண்ணாமல் கிடந்தவரைப் பற்றியும், கோப்பைத் தேநீருக்குப் பின்னிருக்கும் கைகளைப் பற்றியும் இரண்டு வரி எழுதிப் பதிலாக அனுப்பலாம். அந்த இரண்டு வரியில் பத்திகள் ஒன்றாகிவிடும்.