ஏரிக்கரை மீனவர் வீட்டில் கறவைப் பசு

பழவேற்காடு ஏரியை நம்பிப் பிழைக்கும் குடும்பங்களுக்குக் கறவை மாடு வாங்கிக் கொடுத்தால் கஷ்டம் தீரும் என்ற யோசனை புதியதல்ல. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26இல் சுனாமி அடித்த பிறகு, மாற்றுத் தொழில் என்ற பெயரில் தமிழகக் கடலோரத்தில் பல இடங்களில் மாடுகளும் ஆடுகளும் வழங்கப்பட்டன. 2011இல் விலையில்லாக் கறவை மாடு திட்டம் தொடங்கியபோது அதன் தொடக்க விழாவே திருவள்ளூர் மாவட்டத்தில்தான் நடந்தது. ஆண்டுக்கு 12,000 பசுக்கள் என்று கணக்கிட்டு, வீட்டுப் பெண்ணின் பேரில் கொடுத்தார்கள். யோசனையில் பிழையில்லை. ஆனால் மாட்டைக் கொடுக்கிறவர்கள் ஏரியின் போக்கை ஒருமுறை பார்த்துவிட்டுக் கொடுக்க வேண்டும்.

சில்காவுக்கு அடுத்தபடியாக நம் நாட்டின் பெரிய உவர்நீர் ஏரி இது. பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. தென்பகுதி நம் பொன்னேரி வட்டத்தில். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆரணியாற்று வெள்ளமும் காளங்கி வெள்ளமும் வந்து சேர, ஏரி நிரம்பிக் கடலைப் பார்க்கப் பாயும். கோடையிலோ முகத்துவாரம் மணல் மேடிட்டு அடைபடும். தண்ணீர் சுண்டி உப்பு ஏறும். இறாலும் மடவையும் உள்ளே வருவது குறையும். பாடு முறையில் யாருக்கு எந்த நாள், எந்த இடத்தில் வலை என்று கிராமத்தார் கட்டுப்பாடாகப் பங்கிட்டு வைத்திருந்தாலும், ஏரியில் மீனே இல்லாத நாளில் முறை வந்து என்ன பயன்?

அந்தப் பஞ்ச நாட்களைத் தாண்டத்தான் பசு என்கிறார்கள். இங்கேதான் கணக்கு இடிக்கிறது. ஏரி வற்றுகிற அதே பங்குனி, சித்திரையில் கரைப் புல்லும் காய்ந்து போகிறது. கிணற்றுத் தண்ணீரும் கரிக்கிறது. மீன் இல்லாத மாதம்தான் புல் இல்லாத மாதமும். வயலோர விவசாயியின் பசுவுக்கு வரப்புப் புல்லாவது மிஞ்சும். மணலில் குடிசை போட்டவரின் பசுவுக்கு அதுவும் கிடையாது.

தண்ணீரை முதலில் எடுத்துக் கொள்வோம். பால் தரும் பசு நாளொன்றுக்கு 50, 60 லிட்டர் குடிக்கும்; வெயிலில் இன்னும் கூடும். உப்புத் தண்ணீரைக் குடித்தால் கழிச்சல் காணும், தீனி எடுப்பது குறையும், பால் வற்றும். நல்ல தண்ணீரைக் குடம் குடமாகச் சுமந்து வரும் வீட்டில், மாட்டுக்கென்று நாலைந்து குடம் தனியாகச் சுமக்கப் போவது யார்? அந்த வீட்டுப் பெண்தான். அவளோ விடியுமுன் எழுந்து, கரைக்கு வந்த மீனைக் கூடையிலிட்டுச் சந்தைக்கு ஓடவேண்டியவள். பால் கறக்கும் நேரமும் மீன் ஏலம் போகும் நேரமும் ஒன்றாகவே வருகின்றன. மாமியாரோ, வளர்ந்த பெண்ணோ வீட்டிலிருந்து கறந்து ஊற்ற முடிந்த குடும்பத்தில்தான் மாடு நிலைக்கும். மனுவை வாங்கும் அதிகாரி இந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை. கேட்கலாம், காசு செலவில்லாத கேள்வி.

இனி தீனி. ஆறு லிட்டர் கறக்கும் பசுவுக்கு உடல் பராமரிப்புக்கு ஒன்றரைக் கிலோ, ஒவ்வொரு இரண்டரை லிட்டர் பாலுக்கும் ஒரு கிலோ என்று கலப்புத் தீவனம் ஏறத்தாழ நாலு கிலோ ஆகிறது. 2023 டிசம்பரில் ஆவின் லிட்டருக்கு 3 ரூபாய் கூட்டியபோது பசும்பால் 38 ரூபாயும் எருமைப் பால் 47 ரூபாயும் ஆயின. ஆறு லிட்டருக்கு 228 ரூபாய். அதில் நாலு கிலோ தீவனத்தையும் வைக்கோலையும் கழித்துப் பார்க்க வேண்டும். தீவன விலையை அவரவர் கடையில் கேட்டுப் பெருக்கிக் கொள்ளட்டும். பசும்புல் இல்லாமல் மூட்டைத் தீவனத்தையே நம்பினால் கையில் நிற்பது சொற்பம். தீனியைக் குறைத்தாலோ கொழுப்பும் இதர சத்தும் இறங்கும். சங்கத்தில் விலையும் இறங்கும்.

ஆகவே ஏரிக்கரை வீட்டில் பசுவைப் பருவம் பார்த்து ஈன வைப்பதே புத்திசாலித்தனம். சினைக்காலம் ஏறத்தாழ 280 நாள். மார்ச் நடுவில் சினைப்பட்ட பசு டிசம்பர் இறுதிக்குள் கன்று போடும். மழைக்குப் பிந்திய புல் இருக்கும்போது மடி நிறையும். பொன்னேரிப் பக்கம் சம்பா அறுப்பு முடியும் தை, மாசியில் வைக்கோல் மலிவாகக் கிடைக்கும்போதே வாங்கிப் பரண்மேல் போர் போட்டுவிட்டால் சித்திரையிலும் பால் நிற்காது. நாளைக்கு 5 கிலோ வீதம் 4 மாதத்துக்கு 600 கிலோ வேண்டும். 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவைத் தண்ணீரில் கரைத்துத் தெளித்து, மூன்று வாரம் காற்றுப் புகாமல் மூடி வைத்துக் கொடுத்தால் சத்துக் கூடும். பிரித்த பின் ஆறவிட்டுத்தான் போடவேண்டும். இளங்கன்றுகளுக்கு ஆகாது. யூரியாக் கரைசலை மாடு நேரே குடித்துவிட்டால் உயிருக்கே ஆபத்து.

வேலிக்காத்தான் நெற்றுக்களைக் காயவைத்து இடித்துத் தவிட்டோடு சேர்க்கலாம். நுங்கு வெட்டிய மிச்சத்தைத் துண்டாக்கிப் போட்டால் மாடு விரும்பித் தின்னும். வேலியோரம் அகத்தி நட்டால் வீட்டுக்கும் கீரை, கன்றுக்கும் தழை. அசோலாவைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். அதன் தொட்டிக்கும் நல்ல தண்ணீர்தான் வேண்டும் என்பதை ஏரிக்கரைக்காரர் மறக்கவேண்டாம்.

மழைக்காலத்தில் புல்லுக்குப் பஞ்சமில்லை. ஆனால் நீர் தேங்கிய இடத்தில் மேயும் மாட்டுக்கு நத்தை வழியாகத் தட்டைப்புழு சேரும். மழைக்கு முன்னும் பின்னும் குடற்புழு மருந்தும், தவறாமல் கோமாரித் தடுப்பூசியும் வேண்டும்.

கலப்பின ஜெர்சிதான் கறக்கும் என்பதால் அதையே எல்லா வீட்டுக்கும் கொடுப்பதும் சரியல்ல. முரட்டுத் தீனியைத் தின்று கொழுப்பான பால் தரும் எருமை சில குடும்பங்களுக்குப் பொருந்தும். எருமையிலும் தொல்லை உண்டு: கோடையில் பருவத்துக்கு வருவது வெளியே தெரியாது. தினம் கவனித்துப் பார்க்கிறவர் கையில்தான் அது சினைப்படும்.

2018-19இல் உழவர் கடன் அட்டை கால்நடை வளர்ப்போருக்கும் மீனவருக்கும் விரிவாக்கப்பட்டது. தீவனச் செலவுக்கும் அதில் கடன் கேட்கலாம். மாட்டை இனாமாகக் கொடுப்பதைவிட, முதல் கோடையின் வைக்கோலுக்குத் தை மாதத்திலேயே பணம் கிடைக்கச் செய்வது மேல் என்றே சொல்லவேண்டும். ஊராட்சி மனம் வைத்தால் நல்ல தண்ணீர்க் குழாயடியில் வழிந்தோடும் நீரைக் கொண்டே தண்ணீர்ப்புல் வளர்த்து, முறை வைத்து அறுத்துக் கொள்ள விடலாம். பாடு பங்கிடத் தெரிந்த ஊருக்குப் புல் பங்கிடச் சொல்லித் தரவேண்டியதில்லை.

குழாயே எட்டாத குப்பங்களில் பசு வேண்டாம். நாலு வெள்ளாடு போதும்.