மிஞ்சும் ஆற்றல் எங்கே போகிறது?

பினாங்குக் கொடிமலைக்கு ரயிலில் ஏறியவர்கள் ஒன்றைக் கவனித்திருக்கலாம். ஆயர் ஈத்தாமிலுள்ள கீழ் நிலையத்திலிருந்து ஒரு பெட்டி புறப்படும் அதே நொடியில், உச்சியிலிருந்து மற்றொரு பெட்டி இறங்கத் தொடங்குகிறது. இரண்டும் ஒரே இரும்புக் கயிற்றில் பிணைக்கப்பட்டவை. இறங்கும் பெட்டியின் எடை ஏறும் பெட்டியை இழுக்க உதவுகிறது. 1924 ஜனவரி 1ஆம் நாள் இப்பாதை அதிகாரப்பூர்வமாகத் திறக்கப்பட்டபோது பயணிகள் நடுவழியில் பெட்டி மாற வேண்டியிருந்தது. 2011இல் அந்தச் சிரமம் நீங்கியது. கயிற்றின் தத்துவம் மட்டும் மாறவில்லை.

இத்தத்துவத்தைப் பந்தய மகிழுந்துகளோடு ஒப்பிட்டுப் பார்க்கிறேன். சாதாரண மகிழுந்தில் பிரேக்கை அழுத்தினால் இயக்க ஆற்றல் வெப்பமாகி வீணாகிறது. கலப்பின மகிழுந்தில் மோட்டாரே மின்னாக்கியாக மாறி, அதில் ஒரு பகுதியை மின்கலத்திற்கு அனுப்புகிறது. செப்பாங்கில் 1999 முதல் 2017 வரை ஃபார்முலா ஒன் பந்தயங்கள் நடந்தன. 2014 முதல் அங்கு ஓடிய மகிழுந்துகள் யாவும் கலப்பின வகையே. எனினும், ஒரு சுற்றில் பிரேக்கின்வழி மின்கலத்தில் சேர்க்க விதிகள் அனுமதித்தது 2 மெகாஜூல் மட்டுமே. அந்த அளவை எட்டினாலோ மின்கலம் நிரம்பினாலோ, மோட்டார் செய்துவந்த வேலையைப் பின்சக்கரப் பிரேக்குகள் உடனே ஏற்க வேண்டும். சற்றுத் தாமதித்தாலும், வளைவில் வண்டி ஓட்டுநரின் கட்டுப்பாட்டை மீறக்கூடும். பின்பிரேக்கைக் கணினிவழி இயக்க அவ்வாண்டில் அனுமதி தரப்பட்டது இதனால்தான்.

எனவே, ‘பிரேக் ஆற்றல் வீணாவதே இல்லை’ என்னும் விளம்பரப் பேச்சை நான் பாதிதான் நம்புகிறேன். தொட்டி நிரம்பிய பின் பெய்யும் மழை கால்வாய்க்குத்தானே போகும்! மின்கலத்தைப் பெரிதாக்கலாமே என்பர் சிலர். ஆனால், அந்த எடையையும் வண்டியே சுமக்க வேண்டும்.

கொடிமலை ரயில் இறங்கும் பெட்டியின் ஆற்றலைச் சேமித்து வைப்பதில்லை. தேவைப்படும் பெட்டிக்கு அப்போதே கொடுத்துவிடுகிறது. இதற்கும் எல்லை உண்டு. மாலையில் இறங்கும் பெட்டி நிறைந்தும் ஏறும் பெட்டி காலியாகவும் இருந்தால், மோட்டாரின் வேலை இழுப்பதன்று, பிடித்து நிறுத்துவது.

2025இல் கட்டுமானம் தொடங்கிய பினாங்கின் முத்தியாரா இலகு ரயில் திட்டத்திற்கு இந்தப் பாடம் பொருந்தும் என்பது என் கருத்து. நிலையத்தில் நிற்க வரும் மின்ரயில் உண்டாக்கும் மின்சாரத்தை, அருகில் புறப்படும் மற்றொரு ரயில் பயன்படுத்த முடியும். அப்படி ஒரு ரயில் இல்லையென்றால் அது வெப்பமாகவே கழிந்துவிடும். ஆகவே, கால அட்டவணையை வரையும்போதே ஒன்றின் வருகையையும் மற்றொன்றின் புறப்பாட்டையும் இணைத்துப் பார்க்க வேண்டும். ரயில்கள் குறையும் இரவு நேரத்திற்கென நிலையத்திலேயே ஒரு சேமிப்பு மின்கலம் வைக்கலாம். அதை எந்த ரயிலும் சுமக்க வேண்டியதில்லை.